பால்மா டின்னில் ஹந்தானை மண்

மச்சான்,

இன்று காலை கைகழுவும் தொட்டிக்கு மேலே இருந்த உன் பால்மா டின்னைத் திறந்தேன். மூடி இறுகிப் போயிருந்தது. அடியில் கொஞ்சம் ஹந்தானை மண், உங்கள் தேயிலைத் தோட்டத்து மண், கிடந்தது. தண்ணீர் பட்டதும் வாசம் எழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அலுப்பாக இருக்கிறது. நீ போன பிறகு எல்லாமே அலுப்புத்தான்.

அந்த டின் வந்த கதையை நீ யாரிடமும் சொன்னதில்லை. நாம் இருவரும் இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிது. கிருமி இரத்தத்தில் பரவி உடம்பையே கவிழ்த்துவிடும் செப்சிஸைப் பன்றியில் வரவழைத்து, எந்த மருந்தை எப்போது கொடுத்தால் மீளும் என்று பார்ப்பது நம் வேலை. பன்றியின் இதயம் மனிதருடையதை அவ்வளவு ஒத்திருக்கிறது. ஒருநாள் என் கையுறை கிழிந்து பன்றியின் எச்சில் விரலில் பட்டது. குழாயடியில் நான் நெடுநேரம் நிற்பதைப் பார்த்து, "என்ன மச்சான், தோலை உரிக்கப் போறியா?" என்றாய். பன்றி பட்டால் எங்கள் இஸ்லாம் மார்க்கத்தில் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீர் என்றேன். மறுநாள் டின்னோடு வந்தாய். "எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால அள்ளினது. மருந்து அடிக்காத மண்ணு." அதன்பின் என்னை நீ பன்றியைத் தொடவே விடவில்லை. "நீ மானிட்டரப் பாரு, பிடிக்கிறத நான் பாத்துக்கிறேன்."

நீ பன்றியைப் பிடித்த விதம்தான் என்னை விட்டுப் போகவில்லை. மயக்க மருந்து ஏறி முடியும் வரை அதன் காதைக் கையில் வைத்திருப்பாய். அவசரப்படுத்தினால் கோபம் வரும். "நமக்காகத்தான் படப் போவுது. தூங்குற வரைக்கும் ஒரு ஆளு பக்கத்துல இருக்கட்டும்." பன்றிக்குத் தாலாட்டுகிற மிருக வைத்தியன் கண்டியிலேயே நீ ஒருவன்தான் என்று நான் சிரிப்பேன்.

பிறகு உன் காலில் ஒரு கீறல். நீயே கட்டுப் போட்டுக்கொண்டாய். பெரியாஸ்பத்திரியில் போர்வை விலகியபோது உன் முழங்காலில் ஊதாத் திட்டுகளைக் கண்டேன். செப்சிஸ் முற்றிய பன்றிகளின் தோலில் அவற்றைப் பார்த்திருக்கிறேன். நீயும்தான். மூச்சு வாங்கிக்கொண்டே, "எனக்கு எல்லாந் தெரியுது மச்சான். நம்ம பன்னிக்குக் குடுக்கிற மயக்கத்த எனக்கும் குடுக்கச் சொல்லு" என்றாய். செயற்கைச் சுவாசம் வைப்பதற்காக டாக்டர்மார் அதற்குத்தான் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். மருந்து ஏறும் வரை உன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாதி ஒரு மாதிரிப் பார்த்தாள். நீ சிரித்தது போல இருந்தது. அதன்பின் நீ எழும்பவேயில்லை. இத்தனை வருடம் நாம் பார்த்த வேலை உன்னை மீட்கவில்லையே என்ற கசப்பு இன்னும் போகவில்லை.

வேலையை விட்டுவிடத்தான் நினைத்திருந்தேன். இன்று காலை ஒரு பன்றியை மேசையில் கிடத்தினார்கள். மருந்து ஏறத் தொடங்கியது. எல்லாரும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் கண் திறந்திருந்தது. கையுறை கையில் இருந்தும் மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை. வெறுங்கையால் காதைப் பிடித்தேன். சூடாக இருந்தது, உன்னுடையதைப் போலவே. கண் மூடும் வரை நின்றேன்.

பிறகுதான் கைகழுவ உன் டின்னைத் திறந்தேன். மண் இந்த ஒரு தடவைக்குத்தான் போதுமாக இருந்தது. வரும் ஞாயிறு உங்கள் லயத்துக்குப் போகிறேன், மச்சான். இனி மண்ணை நான்தான் அள்ளி வர வேண்டும்.