பொன்ராஜைப் பூட்டிவைத்த மூன்று நாள்

பீர்மேடு,
12-7-1976

அன்பு மகள் முத்துப்பேச்சிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், டெல்லியில் நீயும் நோய்நொடியில்லாமல் இருக்க மாரியாத்தாள் காக்கட்டும். உன் தம்பி பொன்ராஜ் கீழே விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது பொய். பதறாமல் படி, அவன் பிழைத்துக்கொண்டான்.

சாராயத்தை ஒரேயடியாக விட வைக்கிறேன் என்று நான்தான் அவனை எஸ்டேட் லயத்து வீட்டின் உள்ளறையில் போட்டுப் பூட்டினேன். தினமும் குடிக்கிறவனுக்குத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டரிடம் காட்டுங்கள் என்று நீ சித்திரையிலேயே எழுதியிருந்தாய். டாக்டருக்குப் படித்தவள் குடிகாரர்களை ஆராய்ச்சி பண்ணப் போய்விட்டாளே என்ற கோபத்தில் அதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. முதல் நாள் கை நடுங்கிற்று, மறுநாள் வாந்தியும் வேர்வையும், மூன்றாம் நாள் சுவரெல்லாம் அட்டை ஊர்கிறது என்று அலறி நகத்தால் தோலைப் பிய்த்துக்கொண்டான். உன் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, தொறந்து விடுங்க, புள்ள செத்துருவான்" என்று அழுதாள். நான் அசையவில்லை. உள்ளே தொம்மென்று சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன், வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளிக் கிடந்தான்.

எஸ்டேட் ஜீப்பில் கோட்டயம் போகும்வரை அவன் தலை என் மடியில். அங்கேயும் டாக்டரிடம், கீழே விழுந்துவிட்டான் என்றேன். உன் அம்மாதான் என்னைத் தள்ளிவிட்டு, "மூணு நாளா பூட்டி வச்சிருந்தாரு சார், குடிக்க விடல" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதும்தான் என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. ஐந்து நாள் கழித்துக் கண் தெளிந்தான். டாக்டரிடம் உன் படிப்பைச் சொன்னேன். தான் படித்த காலத்தில் இதை யாரும் ஒழுங்காகக் கற்றுத்தரவில்லை, உங்கள் மகள் முடித்துவிட்டு வரட்டும் என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது லயத்தில் என் பூட்டுதான் அவனைத் திருத்தியது என்று பேச்சு. நேற்று சந்தனமேரி தன் குடிகாரப் புருஷனுக்கென்று அந்தப் பூட்டையே கேட்டு வந்தாள். நடந்ததைச் சொல்லி அனுப்பினேன், அடுத்த திங்கட்கிழமை இருவரையும் நானே கோட்டயம் கூட்டிப்போகிறேன்.

அம்மா உன்னை வரச் சொல்கிறாள், நீ படிப்பை விட்டு வராதே. உன் ஆராய்ச்சியில் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளலாம் என்று பொன்ராஜ் சொல்லிவிட்டான். "அக்காவுக்கு ஒதவும்னா எழுதட்டும்பா" என்றான். அப்படி எழுதினால், பூட்டினது பெற்ற தகப்பன் என்பதையும் சேர்த்து எழுது.

பரீட்சை நாட்களில் பட்டினி கிடக்காதே. எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க.

உன் அப்பா,
ராக்கப்பன்