மீனின் மூளையிலும் அதே கோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? அப்பா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா? ஜெர்மனியில் குளிர் குறைந்துவிட்டது. நான் சுகமாக இருக்கிறேன்.

“மாட்டு மூளையா? வேற வேலையே கெடைக்கலியா ஒனக்கு?” என்று போனில் கேட்டீர்களே, அந்த வேலையில் ஒரு நல்ல செய்தி. மூளைக்குள் செய்தி கடத்தும் புரதம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரி, அதாவது ‘ஆன்டிபாடி’, எங்களிடம் உண்டு. மாட்டு மூளையில் ஒட்டும் அது மற்ற உயிர்களிலும் ஒட்டுமா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. ஒட்டினால் படத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். எலியில் ஒட்டியது. கோழியிலும் மீனிலும் பல வாரமாக ஒன்றுமே தெரியவில்லை. இதைக் கைவிடலாம் என்று பேராசிரியர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கேட்டு, மாதிரிகள் சிதைந்துவிடாதபடி எல்லாவற்றையும் ஐஸில் வைத்தே செய்தேன். நேற்று இரண்டிலும் அந்தக் கறுப்புக் கோடு தெளிவாக விழுந்தது. பேராசிரியர் அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டினார். ஆய்வு தொடர்கிறது, அம்மா.

நான் சுடும் தேங்காய் ரொட்டி கல்லாகிவிடுகிறது. நீங்கள் மாவு பிசைவதைத் தம்பி நிமலனை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிசையும்போது எதையாவது பேசிக்கொண்டே இருங்கள்.

பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
தர்ஷிகா