படுக்கை விளக்கின் மேல் போட்ட பழி

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் சின்னவளுக்கு இருமல் நின்றதா?

இன்று எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் மின்னோட்டம் அளக்கும் மீட்டரைத்தான் கையில் எடுத்தேன். நான் வேலை செய்வதும் தூங்குவதும் இந்தக் கண் பரிசோதனை வண்டியில்தானே. மூன்று வாரமாக விடிந்தால் வண்டி பேட்டரி செத்துக் கிடக்கிறது. “படிச்சுக்கிட்டே லைட்டை அணைக்காம தூங்கிடுறீங்க மேடம்” என்று மேற்பார்வையாளர் பழியை என் தலையில் கட்டினார். அன்றிலிருந்து இரவில் விளக்குப் போடவில்லை, போனையும் சார்ஜ் செய்யவில்லை. நீங்கள் கூப்பிட்டபோது எடுக்காதது அதனால்தான்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரை மாட்டினேன். அப்போதும் நாலரை ஆம்பியர் ஓடியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பின் இருக்கைப் பிளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியதும் பூச்சியம். இருக்கையைத் தூக்கினால், அடியில் அந்தப் பிளக்கில் மாட்டிய மேற்பார்வையாளரின் குளிர்பெட்டி. உள்ளே ஆறு சோடா பாட்டில்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். “எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. சொன்னா என் வேலை போயிடும்ல?”

“அப்ப என் வேலை போனா பரவாயில்லையா?” என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. என் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்காமல். சின்னவளை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

தபால்காரர் காத்திருக்கிறார். ‘என் கவனக்குறைவே காரணம்’ என்று மேற்பார்வையாளர் எழுதித் தந்த தாளில் மாலைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடப்போவதில்லை. அதன் பின்பக்கத்தில் மீட்டர் காட்டியதையும் சோடா பாட்டில்களையும் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.