காகம் இல்லாத காட்டில்

18.9.1976, சனி. வீடு, லிட்கம்

முதல் புரட்டாசிச் சனி. பின்வேலியில் சோறும் எள்ளும் வைத்துவிட்டுக் காகத்துக்காகக் காத்திருந்தேன். அது வந்து தின்றால்தான் நான் விரதம் முடித்துச் சாப்பிடலாம். இவர் குசினி வாசலில் நின்று, "சனீஸ்வரனுக்கு இன்னும் விசா கிடைக்கேல்லையாக்கும்" என்றார். வாயைப் பார்! கலியாணமான நாளிலிருந்து இதே நக்கல்தான். புதன்கிழமை மடகாஸ்கர் பயணம். காட்டை வெட்டி முடிப்பதற்குள் லெமூர்களைப் படம் பிடிக்க வேண்டுமாம், புதுக் கமராவால்.

25.9.76, சனி. மடகாஸ்கர்

பார்த்துவிட்டேன்! நரி முகம், குரங்கு உடம்பு, நீண்ட வால். ஒரு தாயின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற பக்கம் காடு, எதிர்மலை மொட்டை. நாள் முழுக்கக் கோடரிச் சத்தம்.

காகம் ஒன்றுகூட இல்லை. ஒரு உயிருக்கு வைக்காமல் நான் எப்படி விரதம் முடிப்பது? தீனி போடக்கூடாது என்று வழிகாட்டி காலையிலேயே சொல்லியிருந்தார். ஒரு வாழைப்பழம்தானே என்று நீட்டினேன். தாய் இறங்கிவந்து என் கையாலேயே வாங்கியது. விரல்கள் குளிர்ந்திருந்தன. இவர் படம் எடுத்தார். அப்படியொரு பெருமை எனக்கு.

27.9.76

இன்றும் என்னைத் தேடி வந்தது. பழம் கொடுத்தேன். வழிகாட்டி ஏசினார். நான் சிரித்தேன்.

28.9.76

கொன்றுவிட்டார்கள். மரம் வெட்டுகிறவர்களின் குடிசைப் பக்கம் போயிருக்கிறது. ஒருவன் கையை நீட்ட, நம்பி இறங்கியிருக்கிறது. தடியால் ஒரே அடி. கறிக்கு. அவர்களை என்ன சொல்ல — பசி. எனக்கு என்ன பசி? அரைநாள் விரதம்! குட்டி எங்கே என்று கேட்டேன். வழிகாட்டி காட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

"நீர் பழக்கியிராட்டி அது நிலத்துக்கு இறங்கியிராது, ராணி." இவர் மெதுவாகத்தான் சொன்னார். ஏசியிருக்கலாம். நான் என்னத்துக்குக் குடுத்தனான்? புண்ணியமாம்! வெக்கமாக் கிடக்கு. ஆரின்ரை முகத்தையும் பாக்கேலாமல் கிடக்கு.

2.10.76, சனி. லிட்கம்

விரதம் பிடிக்கவில்லை. காய்ச்சல் என்று இவரிடம் பொய் சொன்னேன்.

15.10.76, வெள்ளி

பயணப் படங்களைப் பார்க்க இவரின் நண்பர் கணேசலிங்கம் குடும்பத்தோடு வந்தார். அந்த ஸ்லைடை எடுத்துவைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவரில் பெரிதாக விழுந்தது — என் கையும் அதன் கையும். எல்லாரும் கை தட்டினார்கள். அவர்களின் மகள் கல்யாணி, "பிறகும் வந்ததோ, அன்ரி?" என்று கேட்டாள்.

"ஓம், வந்தது" என்றேன். இவர் அவசரமாக அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

16.10.76

கடைசிப் புரட்டாசிச் சனி. சோற்றோடு பின்வேலிக்குப் போனேன். கூப்பிட முதலே காகம் வந்து குந்தியது. என் கையையே பார்த்தது. கத்திக் கலைத்தேன். போகவில்லை, கூரையில் இருந்து கரைகிறது.

"வாருமன், சாப்பிடுவம்" என்று இவர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். நான் இன்னும் சாப்பிடவில்லை.