குறைச்சு வாங்கினால் பாஸ்

இன்று காலை ரத்தம் கொடுத்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன் அண்ணா. கண்ணை மூடினால் போதும், அந்த வாசனை என்னை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடும். இன்றைக்கு உங்கள் பக்கத்தில் விட்டது. "ஏனுங்க டீச்சர், பரீட்சை எழுதியாச்சுங்களா?" என்று நீங்கள் கேட்டது அவ்வளவு தெளிவாகக் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தேன். பக்கத்து நாற்காலியில் யாரோ வைத்துவிட்டுப் போன ஹெல்மெட் இருந்தது.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியின் அந்த ஹாலில் உங்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்காத, டிவி சத்தம் பாதியாகக் கேட்கிற மூலை. எப்போது போனாலும் அங்கேதான் உட்காருகிறேன்.

நாம் முதலில் பேசிக்கொண்டதும் அந்த மூலையில்தான். எனக்குக் குடலில் வந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. உங்களுக்கும் அதே ஆபரேஷன், அதே டாக்டர். நான் சிங்காநல்லூரில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், நீங்கள் பல்லடம் பக்கத்தில் பிராய்லர் பண்ணை வைத்திருந்தவர். வேறு எந்த வழியிலும் நாம் சந்தித்திருக்க முடியாது. குடல்தான் சேர்த்து வைத்தது.

இந்த மாதிரிக் கட்டி ஒரு புரதத்தை ரத்தத்தில் கசியவிடும் என்று டாக்டர் நம் இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தார். அதன் அளவு ஐந்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால் கட்டி மறுபடியும் எங்கோ தலைதூக்குகிறது என்று சந்தேகம். அந்தப் புரதத்துக்கு டியூமர் மார்க்கர் என்று பெயர். நீங்கள் அதை 'மார்க்கு' என்று பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத என்னிடம், உங்களுக்கு மார்க்கு எவ்வளவுங்க என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்க மார்க் போட்டவளிடம் மார்க் கேட்கிறாரே என்று. மார்க்கு இல்லைங்க, மார்க்கர், போர்டில் எழுதுவோமே, அதே சொல்தான் என்று வெடுக்கென்று திருத்தினேன். 

"அப்படின்னா எழுதுனதை அழிச்சுப்போடலாமுங்க" என்றீர்கள்.

வயிற்றில் தையல் போட்ட இடத்தைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் நானும் மார்க்கு என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். குறைச்சு வாங்கினால் பாஸ் ஆகிற பரீட்சை, இதைப் போல ஒன்றை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் சின்ன டெஸ்ட் வைத்தால் பக்கத்துப் பிள்ளையிடம் பேப்பரை மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்வேன், தன் பேப்பரைத் தானே திருத்தினால் பேனா தானாக வளையும் என்றும் ஒருநாள் சொன்னேன். உடனே உங்கள் ரிப்போர்ட் கவரை என் மடியில் வைத்தீர்கள். "என்ரதை நீங்க பாருங்க. உங்களுதை நான் பாக்கறனுங்க." அன்றிலிருந்து அதுதான் நம் வழக்கம். ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வரும் வரைக்கும் எதிர்ப்பக்கத்து பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். பிறகு மூலைக்கு வந்து கவரை மாற்றிக்கொள்வோம். யாரும் தன் கவரைப் பிரிக்கக் கூடாது.

அந்தக் காத்திருப்பு நேரங்கள் இப்போது எனக்குப் பாதித் தூக்கத்தில் கண்ட மாதிரிதான் நினைவில் இருக்கின்றன. நீங்கள் பண்ணையைப் பற்றிப் பேசுவீர்கள். குஞ்சு வந்து இறங்கிய முதல் வாரம், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அத்தனை குஞ்சும் சேர்ந்து கீச்சிடுவது தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும் என்பீர்கள். பேசப் பேச உங்கள் குரல் தணிந்துகொண்டே போகும். நான் நாற்காலியில் சாய்ந்தபடி அந்தத் தூறலைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஊசி, ஸ்கேன், கீமோ எல்லாம் வேறு யாருக்கோ நடந்தவையாகத் தோன்றும்.

உங்கள் மார்க்கு எப்போதும் குறைவுதான். வயிற்றில் கட்டி இருக்கும்போதே பாஸானவன் நான் என்று பெருமை வேறு. ஒவ்வொரு தடவையும் கவரைப் பிரித்து, பாஸுங்கண்ணா என்று சொன்னவள் நான். அப்படிச் சொன்ன ஒரு தடவைக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில்தான் உங்கள் ஈரலில் கட்டி தெரிந்தது.

டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். உங்கள் கட்டி அந்தப் புரதத்தைக் கசியவிடாத வகை. அதனால் அந்த எண் குறைவாக இருந்ததற்கு உங்கள் விஷயத்தில் அர்த்தமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை அண்ணா. கேட்க வேண்டிய கேள்வியே கேள்வித்தாளில் இல்லை, எழுதியவரை மட்டும் பாஸ் பாஸ் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் வெளியே வந்து அழுதேன். நீங்கள் பேக்கரிக்குப் போகலாமா என்று கேட்டீர்கள்.

அடுத்த தடவை போனபோது ஆராய்ச்சிக்கு என்று கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் கேட்டார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு வருவதை முன்கூட்டியே சொல்லக்கூடிய வேறு புரதங்களைத் தேடுகிறார்கள். ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, பல பேருடையது சேர்ந்த பிறகு, யார் எப்படி ஆனார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முடிய வருஷக்கணக்காகும், உங்களுக்கு இதனால் பலன் இருக்காது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டீர்கள்.

"என்னைய ஏமாத்திப்போட்டுதுங்க. அடுத்தவனையாவது ஏமாத்தாம இருக்கோணும்."

குழாயில் பெயர் ஒட்டவில்லை, எண்தான். பொதுத் தேர்வுப் பேப்பரிலும் இப்படித்தான் டம்மி நம்பர் போடுவோம், திருத்துகிறவருக்கு யாருடையது என்று தெரியக் கூடாது என்றேன். ஆளைப் பார்த்து மார்க்குப் போட மாட்டார்கள் என்பதில் உங்களுக்கு ரொம்பத் திருப்தி. அதற்கப்புறம் முடிகிற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கொடுத்தீர்கள்.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை என் மார்க்கு ஐந்தைத் தாண்டிவிட்டது. ஒரு தடவை ஏறியதை வைத்து முடிவு சொல்ல முடியாது, மறுபடி பார்ப்போம், இன்னும் ஏறியிருந்தால் ஸ்கேன் என்றார் டாக்டர். நடுவில் வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். இன்று கவர் கைக்கு வந்ததும் என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. பெங்களூரில் இருக்கிற மகன், போனில் படம் எடுத்து அனுப்பும்மா, நான் சொல்கிறேன் என்றான். அவன் நம் வழக்கம் தெரியாதவன். சிங்காநல்லூர் போய்ப் பல்லடம் பஸ் ஏறிவிட்டேன்.

ஜன்னலோரம் ஆடிக் காற்று. சூலூர் தாண்டியதும் தூங்கிவிட்டேன் போல. விசைத்தறிச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன்.

பண்ணையை இப்போது உங்கள் வீட்டம்மா, அக்காதான் பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் வாங்க வாங்க என்று உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். நான் கவரை நீட்டினேன். ஒன்றும் விளக்கத் தேவையில்லாமல் போயிற்று.

"அவுங்க இருந்தா அவுங்க பிரிச்சிருப்பாங்க. நான் பிரிக்கறனுங்க அம்மணி."

அலமாரியிலிருந்து உங்கள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு அது சேரவில்லை, தாளைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எந்த வரி என்று தெரியாமல் விரல் மேலும் கீழும் போயிற்று. நான் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு பாயிண்டு ஒம்போதுன்னு போட்டிருக்குதுங்க. பாஸுங்களா?"

பாஸுங்கக்கா என்றேன்.  அக்கா தாளை மடித்துக் கவருக்குள் வைத்து, என் கையில் கொடுத்து, அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஷெட்டிலிருந்து நீங்கள் சொன்ன அந்தத் தூறல் கேட்டது. புதுக் குஞ்சு வந்திருக்கிறதாம்.

"அவுங்களுது எப்பங்க வரும்?" என்று கேட்டார் அக்கா.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது, ஆராய்ச்சிக்கு நீங்கள் கொடுத்த ரத்தத்தைக் கேட்கிறார். பரீட்சை எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன், ரிசல்ட்டு மெதுவாகத்தான் வரும், வந்தால் டீச்சர் வந்து சொல்வார் என்று நீங்கள் அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர் இத்தனை நாளும் அதற்காகக் காத்திருக்கிறார்.

"இன்னும் திருத்திட்டிருக்காங்கக்கா" என்றேன்.

ஆகட்டுங்க, மெதுவா வரட்டும் என்று சொல்லிவிட்டு, காற்று பலமாக அடிக்கிறது என்று ஷெட்டுப் படுதாவை இறக்கிவிடப் போனார்.

நீங்கள் போன பிறகு நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு குழாய் கூடுதலாகக் கொடுத்துவருகிறேன். இன்று கொடுத்ததும் உங்களுடையது இருக்கிற அதே பெட்டிக்குத்தான் போயிருக்கிறது. மார்க்கு வந்ததும் இந்த வீட்டுக்கு வந்து முதலில் சொல்கிறேன் அண்ணா. உங்கள் கவரைப் பிரிக்க வேண்டியவள் நான்தானே.