பன்னிரண்டாம் மாதத்து விளக்கு

இஸ்ரேல்,
5-7-2022

அன்புள்ள செவ்வந்திக்கு,

இனியவன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் அப்பாவும் சுகம்தானே? கையில் போனை வைத்துக்கொண்டு, பெண்டாட்டிக்குத் தபாலில் எழுதுகிறவன் இந்தக் காலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று பிடிவாதம் பிடிக்கிறவளைக் கட்டியிருக்கிறேனே.

நான் பார்த்துக்கொள்ளும் எலியாகு பெரியவர் கொச்சியில் பிறந்த யூதர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். அவர் மலையாளத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், வண்டி ஓடுகிறது. காலையில் கண் விழித்ததும், உயிரைத் திருப்பித் தந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்வார். காலைத் தரையில் வைப்பதற்கு முன் கை கழுவ வேண்டும். இரண்டு பிடி வைத்த குவளையால் வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றி நான்தான் ஊற்றுவேன். பிறகு சக்கர நாற்காலியில் வைத்து ஜெபக்கூடத்துக்குத் தள்ளிப்போவேன். அங்கே ஜெபம் ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டால், முடிகிறவரைக்கும் யாரும் பேசக் கூடாது. தெரியாமல் ஏதோ கேட்டுவிட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் உதட்டில் விரலை வைத்தார்.

அங்கே பேசாமல் இருப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நீ அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று ஆட்டோ ஓட்டும் துரைராசு போனில் சொன்னான். பக்கவாதம் வந்து படுத்திருக்கிற மனிதர். நடந்தது நடந்துவிட்டது. அவரிடம் இரண்டு வார்த்தை பேசு, செவ்வந்தி. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
இனியவன்

---

கீழ்வேளூர்,
28-7-2022

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வந்தி எழுதிக்கொண்டது. நலம். உங்கள் கடிதம் வந்தது. உங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டினால் பேச வேண்டியிருக்கும்.

அவருக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வாய் கொப்பளிக்க வெந்நீர் கொடுக்கிறேன். உடம்பைத் துடைத்துவிடுகிறேன். முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுகிறேன். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுகிறேன். நீங்கள் கடல் தாண்டிப் போய் ஒரு அப்பாவுக்குச் செய்வதை நான் வீட்டுக்குள்ளேயே இன்னொரு அப்பாவுக்குச் செய்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் பெரியவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கு வாய் கோணிப்போனாலும் "பேசும்மா" என்ற ஒரு சொல் மட்டும் சுத்தமாக வருகிறது. நேற்று அவர் அப்படிச் சொன்னதும் நானும் உதட்டில் விரலை வைத்தேன். அழுதார். கண்ணைத் துடைத்துவிட்டேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று தெரியாத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முந்தின வருஷத்து நடவு அன்று காலையில் எனக்கு ரத்தம் போனது. நீங்கள் வெளிநாட்டு வேலைக்குத் தஞ்சாவூரில் ஏஜெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். துரைராசு அண்ணன் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். உங்கள் அப்பா அதைத் திருப்பி அனுப்பினார். உங்களைக் கூப்பிட்டேன். "அப்பா சொல்றதக் கேளு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அந்தக் குரலை அந்தப் போனில் மறுபடி கேட்க எனக்கு மனசில்லை. கடிதம் என்றால் பரவாயில்லை, கிழித்து அடுப்பில் போடலாம்.

இப்படிக்கு,
உங்கள் செவ்வந்தி

---

இஸ்ரேல்,
30-8-2022

அன்புள்ள செவ்வந்திக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். அப்பாவின் அப்பா காலமெல்லாம் அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றவர். அப்பாதான் முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்து, தன் வயல் என்று இறங்கியவர். அன்றைக்கு வாய்க்காலில் நம் முறைத் தண்ணீர் வந்திருந்தது, நாற்றைப் பறித்துப் போட்டிருந்தது, ஆள் எல்லாம் இறங்கியிருந்தார்கள். அவருக்கு அது ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை.

இங்கே ஜெபக்கூடத்தில் ஒவ்வொருவருக்கும் நிலையான ஓர் இடம் உண்டு. எங்கள் பெரியவருக்கு ஜன்னல் ஓரம். அவர் காய்ச்சலாகப் படுத்திருந்தபோதும் அதில் யாரும் உட்காரவில்லை. அப்பாவை அந்த இருட்டு அறையில் போட்டு வைக்காதே. அவருக்கும் காற்று வருகிற மாதிரி ஓர் இடம் கொடு.

இன்னொன்று சொல்ல வேண்டும். கூடி ஜெபிக்கப் பத்து ஆண்கள் வேண்டும். ஆனால் ஆளை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாதாம். பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். போன வாரம் ஒருவர் செத்துப்போன தன் அப்பாவுக்காக ஜெபம் சொல்ல வந்திருந்தார். வசனம் என் பக்கத்து ஆள் வரைக்கும் வந்தது. பிறகு என்னைத் தாண்டிவிட்டது. கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. யூதனாக இருந்தால்தான் கணக்காம். அந்த மனிதர் ஜெபத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனார். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசிலே வச்சுக்காதே மோனே" என்றார். ஆனால் வலித்தது. நம்மை வெளியில் நிறுத்துவது நமக்குப் புதிதா என்ன. ஆனால் உள்ளே நிற்கவைத்து எண்ணாமல் விடுவது புதிதாக இருந்தது. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
இனியவன்

---

கீழ்வேளூர்,
24-9-2022

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் சொன்னபடி உங்கள் அப்பாவுக்கு நிலையான இடம் கொடுத்துவிட்டேன். கொல்லைத் தாழ்வாரத்தில், அன்றைக்கு நான் கிடந்த இடத்தில்தான் கட்டிலைப் போட்டிருக்கிறேன். நல்ல காற்று. வயல் முழுக்கத் தெரியும். சிமெண்டுத் தரையில் அந்தக் கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. படுத்தால் அது கண்ணில் படுகிற மாதிரி பார்த்துத்தான் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். கஞ்சி ஊட்டும்போது திறந்துதானே ஆக வேண்டும்.

உங்களை எண்ணவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் நல்லவர், கையையாவது பிடித்தார். அவர்கள் வழக்கம் அவர்களோடு. இங்கே, இதே தாழ்வாரத்தில் நின்று உங்கள் அப்பா சொன்னதை நீங்கள் கேட்கவில்லை. "அஞ்சு மாசத்துக்கெல்லாம் கணக்கு ஏது? நடவு முடியட்டும்." நடவு முடிந்தது. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பெண் குழந்தை. விரல் எல்லாம் வந்திருந்தது. நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினார், நான் பார்த்தேன். நீங்கள் வந்து சேர்ந்து, அப்பாவுக்குச் சாப்பாடு யார் போட்டார்கள் என்று கேட்டீர்கள்.

உங்களை எண்ணாமல் விட்டதற்கே வலித்தது என்றால் என்னை நினைத்துப் பாருங்கள். அவளை எண்ணுகிறவள் நான் ஒருத்திதான்.

இப்படிக்கு,
செவ்வந்தி

---

இஸ்ரேல்,
12-11-2022

அன்புள்ள செவ்வந்திக்கு,

அப்பாவின் காரியம் எல்லாம் முடிந்துவிட்டது என்று துரைராசு சொன்னான். அடக்கத்தைப் போனில் காட்டினான். பெரியவரைப் பார்க்க மாற்று ஆள் கிடைக்காததால் என்னால் வர முடியவில்லை. பாயில் உட்கார்ந்து அழுதேன். நீ மகள் மாதிரி கடைசிவரை பார்த்துக்கொண்டாய் என்று தெருவே சொல்கிறதாம். நம் கோபதாபம் ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றினாயே, அது போதும் எனக்கு. என் பெயரைக் காப்பாற்றிவிட்டாய்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் சொன்னேனே, அப்பாவுக்காக ஜெபம் சொல்ல வந்தவர், அவர் இப்போது தினமும் வருகிறார். அந்த ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாதாம், கடவுளைப் புகழ்வது மட்டும்தான். பிள்ளை அதைப் பதினோரு மாதம் சொல்ல வேண்டும். ஏன் முழு வருஷம் இல்லை என்று கேட்டேன். கெட்டவர்களுக்குத்தான் மேலே பன்னிரண்டு மாதம் விசாரணை நடக்குமாம். பன்னிரண்டாவது மாதமும் சொன்னால் தன் அப்பனைத் தானே கெட்டவன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு மாதம் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு பெரிய மரியாதை பார். அவர் எழுந்து நிற்கும்போது கடைசி வரிசையில் நானும் எழுந்து நிற்கிறேன்.

நீயும் தினம் சாயங்காலம் அப்பா படத்துக்கு ஒரு விளக்கு ஏற்று. பதினோரு மாதம் ஏற்று, அதோடு நிறுத்திவிடு. மறந்துபோய்ப் பன்னிரண்டாவது மாதம் ஏற்றிவிடாதே. அப்பாவுக்கு வருஷம் முடிந்ததும் நான் வந்துவிடுவேன். நமக்கென்று யார் இருக்கிறார்கள்? எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிப்போம்.

என்றும் உன்,
இனியவன்

---

கீழ்வேளூர்,
6-12-2022

இனியவன் அவர்களுக்கு,

செவ்வந்தி எழுதுவது.

உங்கள் அப்பா போன விதத்தைத் துரைராசு அண்ணன் முழுக்கச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே தெரியாது. அன்றைக்கும் நடவுதான், எதிர் வயலில். காலையில் அவருக்கு மூச்சு இழுத்தது. கையை வாசல் பக்கம் நீட்டினார். அண்ணனுக்குப் போன் பண்ணினேன், உடனே வந்துவிட்டார். ஆட்டோச் சத்தம் கேட்ட பிறகு நான் உங்கள் அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். நீங்கள் கேட்டுக்கொண்டபடி பேசினேன். "நடவு முடியட்டும்" என்றேன். அவருக்குப் புரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நானும் அண்ணனும் தூக்கி ஏற்றினோம். அவரைப் போல ஆட்டோவைத் திருப்பி அனுப்ப எனக்கு வராது. சிக்கல் ஊரைத் தாண்டும்போது என் மடியில்தான் உயிர் போனது.

கேட்ட விளக்கை ஏற்றுகிறேன். படத்தைத் துடைத்து, பூ வைத்து, ஒரு நாள் தவறாமல் ஏற்றுகிறேன். நீங்கள் திரும்பி வந்து எதையும் ஆரம்பிக்க வேண்டாம், வந்தால் நான் இருக்க மாட்டேன். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் அப்பாவிடம் பழகிய வேலைதான். உங்கள் அப்பாவுக்கு வருஷம் திரும்பினதும் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன்.

அதுவரை இங்கேதான் இருப்பேன். உங்கள் அப்பாவுக்குப் பதினோரு மாதம் முடிகிற அன்றைக்கு நீங்கள் அங்கே எழுந்து நிற்பதை நிறுத்துவீர்கள். நான் நிறுத்த மாட்டேன். மறுநாள் சாயங்காலமும் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றுவேன். பன்னிரண்டாவது மாதம் முழுக்க ஏற்றுவேன். செத்த பிறகும் மாமனாருக்கு இப்படிச் செய்கிற மருமகள் உண்டா என்று தெருவில் பேசுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

செவ்வந்தி