பின்னால் போன கப்பல்

டிரைவரே,

இன்றைக்குக் காலையில் கடை ஷட்டரைத் தூக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, உன் மகள் வந்து நின்றாள். ஒரு கையில் பழைய துண்டு சுற்றிய உன் கப்பல், இன்னொரு கையில் புது அட்டைப்பெட்டி. பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று அடித்தது. நீயாக இருந்தால் பெட்டிக்குள் மூக்கை விட்டு ஒரு தரம் இழுத்திருப்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மாமா, பத்து சேனல் ரிமோட்டு. நானே பாத்து வாங்கினேன். அப்பா கப்பல்ல தண்ணி பீச்சறது, ஹாரன், லைட்டு எல்லாம் பழையபடி வேலை செய்யணும். எங்க மோட்டார் கொட்டாய்த் தொட்டியில ஓட்டப் போறேன். நீங்கதான் செட் பண்ணித் தரணும்" என்றாள். பெட்டியின்மேல் ஒரு ஏரோப்ளேன் படம் இருந்தது. நான் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அவள் கவனித்தாளா, தெரியவில்லை.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்றை இன்று எழுதித்தான் ஆகவேண்டும்.

உனக்குக் கப்பல் பித்துப் பிடித்ததற்கு மல்லாட்டைதான் காரணம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை லோடு ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போனாய். இறக்குவதற்கு இரண்டு நாள் காத்துக் கிடந்தபோது, பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்துப்போகும் சின்னக் கப்பலைப் பார்த்தாய். ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் செங்கம் ரோட்டில் என் ரேடியோ ரிப்பேர் கடைக்குத்தான் வந்தாய். "மெக்கானிக்கு, இத்தினியூண்டுதான்டா இருக்குது. மலையாட்டம் கப்பல இழுக்குதுடா!" என்று கையை விரித்தாய். அதே மாதிரி ஒரு பொம்மைக் கப்பல் செய்ய எட்டு மாதம் பலகையும் தகரமுமாகக் கிடந்தாய். மலை சுற்றுகிற ஊரில் ஒருத்தன் கப்பல் ஓட்டப் போகிறான் என்று டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய்.

ரிமோட் தேர்வுதான் என் பொறுப்பு. என் சரக்குக்காரர் இரண்டை அனுப்பியிருந்தார், பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தரவேண்டும். ஒன்று துப்பாக்கிப் பிடி மாதிரி, படகுக்கும் காருக்கும் என்றே செய்தது, மூன்று சேனல்தான். இன்னொன்று இரண்டு ஸ்டிக் வைத்தது, ஒன்பது சேனல். ஒரு வேலைக்கு ஒரு சேனல் வேண்டும் என்று நான் சொன்னதும் நீ விரலை மடக்கினாய். "மோட்டாரு ஒண்ணு, சுக்கான் ரெண்டு, தண்ணி பம்பு மூணு, ஹாரன் நாலு, லைட்டு அஞ்சு, கயிறு இழுக்கற வின்ச்சு ஆறு. மூணு எப்டிடா பத்தும்?"

பத்தும்படி செய்திருக்கலாம். பம்பு, ஹாரன், லைட்டு, வின்ச்சு நாலுக்கும் ஒரே சேனலில் வேலை செய்கிற சின்ன சுவிட்சு பலகை போட்டிருந்தால் போதும், சின்ன ரிமோட்டே எல்லா வேலையையும் பார்த்திருக்கும். ஆனால் ஒன்பது சேனல் ரிமோட்டைக் கையில் எடுத்த எனக்குத் தலை கொழுத்துவிட்டது. நீதான் தயங்கினாய்.

"டப்பாவுல ஏரோப்ளேன் படம் போட்டிருக்கான்டா. கப்பலுக்கு ஒத்துக்குமா?"

"வானத்துல ஓட்டறவனே பயப்படல. ஏரித் தண்ணியில ஓட்டறதுக்கு நீ பயப்படற. லாரிக்காரனுக்குத் தைரியம் கம்மின்னு இப்பதான்டா தெரியுது!"

நீ வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுச் சரி என்றாய். நீ கேட்டது சரியான கேள்வி. இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருந்த நான்தான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ரிமோட்டையும் கப்பலுக்குள் இருக்கும் ரிசீவரையும் ஜோடி சேர்ப்பதை பைண்ட் என்பார்கள். அந்த நேரத்தில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதை ரிசீவர் மனதில் வைத்துக்கொள்ளும். பிறகு எப்போதாவது சிக்னல் அறுந்தால், மோட்டாரை அந்த இடத்துக்கே கொண்டுபோய்விடும். விமானத்தில் ஸ்டிக்கைக் கீழே இறக்கினால் மோட்டார் நிற்கும், அதனால் 'கீழே வைத்துக்கொண்டு பைண்ட் செய்' என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறான். உன் கப்பலில் நடுவில் வைத்தால்தான் நிற்கும். மேலே தள்ளினால் முன்னால் போகும், கீழே இழுத்தால் முழு வேகத்தில் பின்னால் போகும். விமானப் புத்தகத்தைப் படித்துக் கப்பலுக்குத் தாலி கட்டினேன், டிரைவரே. ஸ்டிக்கைக் கீழே வைத்தேன்.

பைண்ட் செய்து முடித்ததும் மேசைமேலேயே ரிமோட்டை அணைத்து, மோட்டார் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டு நிமிஷ வேலை. நீ ஹாரனை அமுக்கினாய், டீக்கடைக் கூட்டம் மொத்தமும் கடைக்குள் வந்துவிட்டது. "நம்ம மெக்கானிக்கு பெரிய ஆளுதான்பா" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சூட்டில் நான் அதைச் செய்யவில்லை. மேல்தளம் முழுக்க உன் லைட்டும் வின்ச்சும் அடைத்துக்கொண்டதால் ஆன்டெனா கம்பியை நிமிர்த்தி வைக்கவும் இடமில்லை. அடியில் பம்பு மோட்டாருக்குப் பக்கத்தில் சுருட்டிச் சொருகினேன். பம்பு ஓடினால் போதும், சிக்னல் அறுவதற்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

கார்த்திகை தீபம் முடிந்த மறு வாரம், காலை பத்து மணி. அடி அண்ணாமலையைத் தாண்டி அந்த ஏரி, மழையில் நிறைந்து, உபரி நீர் வழிகிற கலங்கல் வரைக்கும் தண்ணீர் நின்றது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கப்பலைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டார். கால் மணி நேரம் கப்பல் சொன்ன பேச்சைக் கேட்டது. போனது, திரும்பியது, லைட்டு எரிந்தது, வின்ச்சு சுற்றியது. நூறு அடி தள்ளி நம்மைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, "இப்ப பாருடா" என்று பம்பைப் போட்டாய். தண்ணீர் அழகாகப் பீய்ச்சி அடித்தது. அதே நொடியில் கப்பல் பின்னால் போக ஆரம்பித்தது.

"பின்னாடி போவுதுடா! நான் ஸ்டிக்க நடுவுலதான்டா வெச்சிருக்கேன்!"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சிக்னல் அறுந்து, நான் பைண்ட் செய்த இடத்துக்கே மோட்டார் போய்விட்டது. 'என் தப்புடா, விடு, சார்ஜ் தீந்தா தானா நிக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நீ கரையில் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்திருப்பாய். சொல்ல வாய் வரவில்லை. வெட்கம். "இரு, பாக்கறேன்" என்று ரிமோட்டை வாங்கிச் சும்மா திருகிக்கொண்டிருந்தேன். நீ என்னைச் சமாதானப்படுத்தினாய். "உடுடா, நான்தான் இன்னாவோ தப்பா அமுக்கிட்டேன்" என்று சட்டையைக் கழற்றினாய்.

"அந்தாண்ட போவாதீங்க! மண்ணு அள்ளின பள்ளம் இருக்குது!" என்று ஆட்டுக்கார அம்மா கத்தினார். "கெணத்துல குதிச்சி வளந்தவன்மா நானு" என்று நீ திரும்பிப் பார்க்காமல் சொன்னாய். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாய். காட்டாமணக்குப் புதரில் பின்பக்கம் முட்டிக்கொண்டு நின்ற கப்பலுக்கு நாலு எட்டு இருக்கும்போது உன் தலை இறங்கியது. ஒரு தரம் மேலே வந்தது. பிறகு அந்த இடத்தில் சேறுதான் பொங்கியது. நெல் வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து உன்னைத் தூக்கும்வரை புரொப்பல்லர் பின்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கேட்டார்கள். பேட்டரி கோளாறு என்றேன். ரிமோட்டை உடைத்து ஒரு பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். ஊர் தனக்கென்று ஒரு கதையைச் செய்துகொண்டது: பொம்மைக்காக உயிரை விட்டவன் நீ. உன் மனைவியும் அதையே நம்பினாள். "பொண்டாட்டி புள்ளையவிட அந்தப் பொம்மதான அவருக்கு ஜாஸ்தி" என்று என்னிடமே சொன்னாள். உன் படத்துக்கு இன்றுவரை அவள் ஒரு பூ வைத்ததில்லை. அந்தக் கோபம் என்மேல் வரவேண்டியது. உன்மேல் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே, வருஷா வருஷம் அவள் கொடுத்தனுப்பும் பொங்கலைச் சாப்பிட்டேன்.

இன்று காலை கப்பலை மேசையில் கட்டைமேல் தூக்கி வைத்து, புது ரிசீவரை மாட்டினேன். ஸ்டிக்கை நடுவில் பிடித்துக்கொண்டு பைண்ட் பட்டனை அமுக்கப் போனேன். உன் மகள் புத்தகத்தைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மாமா, கீழ வெக்கணும்னுதான போட்டிருக்கு? நீங்க ஏன் நடுவுல புடிக்கறீங்க?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் முகத்தில் உன் மூக்கு. எல்லாவற்றையும் சொன்னேன், ஆட்டுக்கார அம்மா கத்தியது வரைக்கும். அவள் அழவில்லை. என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, ஸ்டிக்கை நடுவில் வைத்தே பைண்ட் செய்து, பிறகு மேலே தள்ளினாள். புரொப்பல்லர் சுற்றியது. ரிமோட்டை அணைத்தாள். நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை.

"அன்னிக்கு இப்டி நின்னிருந்தா, அப்பா எறங்கி இருக்கமாட்டாரு இல்ல?"

"ஆமாம்மா."

கப்பலைத் துண்டில் சுற்றினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வாங்க. அம்மா இருக்கும். நான் எதுவும் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

இப்போது நாலரை ஆகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் மனைவி கத்துவாளா, கதவைச் சாத்துவாளா, தெரியாது. அவள் என்ன கேட்பாள் என்பது மட்டும் தெரியும். "அவரு தண்ணியில எறங்கறப்போ நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று கேட்பாள். மூன்று வருஷமாக அதற்கு வேறு பதில் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. உன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன்.